பிளாஸ்திரி வீடு

போன வாரம் சிஸ்டரைக் கையில் போனோடு வாசல்படியில் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே கூட்டி வந்துவிடுவோம்.

அவள் நர்ஸ். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக ஊசி போடுவது முதல் பில் போடுவது வரை எல்லாம் அவள்தான். தெருவே சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தாலி கட்டியவரே சில சமயம் வாய் தவறி, "சிஸ்டர், டீ இருக்கா?" என்று கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த போன் ஒரு பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டு குழந்தைக்கு ஒரு நர்ஸ். படித்து முடித்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான். 'ஞாயிறு சாயங்காலத்துக்குள் வருவீர்களா, மாட்டீர்களா என்று சொல்லிவிடுங்கள். அடுத்தவர் காத்திருக்கிறார்' என்றார்கள்.

இன்று ஞாயிறு.

அவள் சும்மா ஆசைப்பட்டுக் குதிக்கிற ஆள் இல்லை. முன்பு தன்னிடம் வேலை கற்றுக்கொண்டு அந்த நகரத்துக்குப் போன பெண்ணைக் கூப்பிட்டு, நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, காகிதத்துல போட்டிருக்கற சம்பளத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க. கையில என்ன வருதுன்னு கேளுங்க" என்றாள் அந்தப் பெண்.

கையில் வருவது இப்போதைய சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு. அங்கே வாடகை மூன்று மடங்கு. பஸ், பால், பள்ளிக்கூடம் எல்லாம் இரண்டுக்குக் குறைவில்லை. சிஸ்டரின் கணவர் தையற்காரர், ஊருக்கு மாஸ்டர். அவர் அங்கேயும் வீட்டிலிருந்தபடி தைத்தால் குடும்பம் ஓடும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். அவர் தைக்காவிட்டால் மாதா மாதம் துண்டு விழும்.

"நான் எவ்வளவோ துண்டு தைச்சிருக்கேன். இந்தத் துண்டைத் தைக்க நூல் கிடையாது" என்றார் மாஸ்டர்.

தைப்பதற்கு மெஷின் போதாது. கட்டிங் டேபிள் வேண்டும். எட்டடி நீளம், நாலடி அகலம். யூனிஃபார்ம் ஆர்டர்தான் அவருக்குச் சோறு. துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்ட அந்த டேபிள் இல்லாமல் ஆகாது. தரையில் உட்கார்ந்து வெட்ட முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே, ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு என்ற அத்தனை கணக்கும் கடைசியில் ஒரு மேசையின் நாலு காலில் வந்து நின்றது. அங்கே பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்குள் அது நுழைந்தால் எல்லோரும் போகலாம்.

இப்போது இவர்கள் இருப்பது ஒரு பழைய கிடங்கு. ஒரே நீளக் கூடம். மழை பெய்தால் தகரம் அதிரும், ஆனால் வாடகை சல்லிசு, இடம் தாராளம். உள்ளேயே சைக்கிள் ஓட்டலாம். மகள் ஓட்டுகிறாள்.

"டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி பேஷண்டை வராந்தாவுல நடக்க வெச்சுப் பார்க்கறோம்ல? அந்த மாதிரிதான்" என்றாள் சிஸ்டர், நேற்று ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது. "நாளைக்கு ஒரு நாள் அந்த வீட்டுல இருந்து பார்த்துடுவோம்."

"எந்த வீட்டுல?" என்றார் மாஸ்டர்.

"அந்த வீட்டுலதாங்க. இங்கயே."

வீட்டு புரோக்கர் அனுப்பிய படத்தில் நீள அகலம் எல்லாம் இருந்தது. சிஸ்டர் நைட் டியூட்டி முடிந்து வருவதற்குள், மாஸ்டர் இஞ்ச் டேப்பும் சாக்குக்கட்டியும் வைத்துக்கொண்டு, கிடங்குச் சுவரை ஒட்டி அந்த வீட்டை அப்படியே தரையில் வரைந்துவிட்டார். ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டருக்காக இரண்டு நாள் சரியாகத் தூங்காத கண்கள் கோவைப்பழமாக இருந்தன. கை மட்டும் பழக்கத்தில் ஓடியது.

சிஸ்டர் வந்ததும் வராததுமாக, சாக்குக் கோட்டின் மேலேயே வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே போனாள். ஹால், சமையலறை, படுக்கையறை, பாத்ரூம்.

ஒட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"பெரிய ஊர்னா சின்ன வீடுதானே" என்றார் மாஸ்டர், தானே கட்டிக் கொடுத்தவர்போல வெட்கத்துடன்.

வாக்கிங் போயிருந்த மாமனார் அப்போதுதான் உள்ளே வந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழித்த விரல் இன்னும் சும்மா இருக்காது, கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் ஓரத்தைக் கிழித்துவிடுவார். அன்று முகத்தில் ஒரு தினுசான மலர்ச்சி. எங்கே போய்விட்டு வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிளாஸ்திரியை ஒட்டி நின்று ஒரு நோட்டம் விட்டார்.

"அட! இது நம்ம பஸ் அகலம்தானே?"

"மாமா, கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. இருபத்தெட்டு வருஷம் இந்த அகலத்துலதான் குடும்பம் நடத்தினேன். ஒரு முழத்தைக் கூட்டியும் சொல்லமாட்டேன், குறைச்சும் சொல்லமாட்டேன். பஸ்ஸேதான்."

அதை யாராவது அப்போதே காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்த அத்தியாயம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் ஒன்றுதான். அவரவர் அங்கே கொண்டு போகிற சாமானைக் கோட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் வரை யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது. வெளியே போனால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

சிஸ்டர் அடுப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவந்தாள். மாஸ்டர் மெஷினைத் தூக்கிவந்தார். ஆறாவது படிக்கிற மகள், வாலு என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும், சைக்கிளோடு படுக்கையறைக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, பெல் அடிக்கலாம், பெடல் பண்ண முடியாது!"

"உள்ளே போ, உள்ளே போ! நடுவுல காலியா இருக்கு பாரு, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போம்மா!" என்று மாமனார் குரல் கொடுத்தார். தொண்டையில் இன்னும் அந்தக் கூட்ட நேரத்து வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறையில் சிஸ்டர் அடுப்பைப் பார்த்து நின்றால் முதுகு ஹாலில் இருந்தது. பாத்ரூமை மாமனார் சோதித்துப் பார்த்தார். நேராக உள்ளே போனார், திரும்ப முடியாமல் அப்படியே பின்னாலேயே நடந்து வந்தார்.

"ரிவர்ஸ் கியர்ல வரணும். வேற பிரச்சினை இல்ல" என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தாள். வார்டில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிட்டதாகச் சொன்னார்கள் என்று பார்த்தே பழகிய கண். மாமனார் கோட்டுக்குள் எதையும் கொண்டுவரவில்லை. அவருடைய தலையணைகூட அந்தப் பக்கம்தான் கிடந்தது. உள்ளே வந்து வேடிக்கை காட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க மாமா."

"நான் ஃபுட்போர்டும்மா. காத்து நல்லா வருது."

மத்தியானம் டேபிள் வந்தது.

மாஸ்டர் ஒரு முனை, மாமனார் ஒரு முனை. ஹாலில் நீளவாக்கில் போட்டார்கள். மிச்சம் ஒரு அடி இடைவெளி. அதில் துணி வெட்டுகிற மனிதர் நிற்க வேண்டும், வாலு பள்ளிக்கூடம் போக வேண்டும், சமையலறையிலிருந்து சோறு வர வேண்டும். குறுக்கே போட்டால் மேசை சமையலறைக்குள் புகுந்து அடுப்பை முட்டியது. படுக்கையறைக்குக் கொண்டுபோனால் படுக்கை எங்கே?

"மேல துணி வெட்டலாம், கீழ நாம படுத்துக்கலாம்" என்றாள் வாலு.

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மாஸ்டர் மேசையின் ஓரத்தைத் தடவியபடி உட்கார்ந்தார்.

"வித்துடலாம். அங்க பெரிய பெரிய கார்மென்ட் கம்பெனி இருக்கு. காலர் மட்டும் தைக்கச் சொன்னா காலர் மட்டும் தைக்கறேன்."

"நீங்க காலர் மட்டும் தைச்சா நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன்" என்றாள் சிஸ்டர். "பத்தோட பதினொண்ணா உங்களை உக்கார வெச்சுட்டு எனக்கு என்ன பெரிய ஆஸ்பத்திரி?"

"அப்ப நீ மட்டும் போ. ஹாஸ்டல் ஃப்ரீன்னு சொன்னாங்கல்ல? கணக்குப் பார்த்தா அதுதான் லாபம். சம்பளம் அப்படியே நிக்கும்."

கணக்கு சரிதான். அதுதான் கொடுமை. எப்படிக் கூட்டினாலும், எப்படிக் கழித்தாலும், அவள் தனியாகப் போவதுதான் லாபமாக வந்தது.

"அம்மா ஹாஸ்டல்ல இருந்தா எனக்குத் தலை யாரு பின்னி விடுவா?" என்றாள் வாலு.

"நான் பின்னுவேன்" என்றார் மாஸ்டர்.

"நீங்க பின்னினா துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிச்ச மாதிரி இருக்கும்ப்பா."

சிஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். அந்தச் சமையலறையில் அழுதால் ஹாலில் தெரியும், வேறு வழியில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேறு சிஸ்டர் கிடைப்பாள். இந்த மூன்று பேருக்குக் கிடைக்கமாட்டாள்.

மாஸ்டர் அவள் முதுகைப் பார்த்தார். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்துவந்து டேபிளில் விரித்தார். இளநீல நிறம், மெத்தென்ற பருத்தி.

"என்னங்க அது?"

"புதுசாப் பொறந்த குழந்தையைத் தூக்கறவங்க போட்டுக்கற ஏப்ரன். அந்தப் பொண்ணுகிட்ட மாடல் கேட்டு வாங்கினேன். நீ எங்க இருந்தாலும் போட்டுக்கோ. இங்கயே இருந்தாலும் போட்டுக்கோ."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயால் ஆசையாக நாலு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தைத்தே கொடுத்திருக்கிறார்.

துணியை இரண்டாக மடித்துப் போட்டார். வாலு இஞ்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அகலம் முப்பது" என்று வாய்விட்டுச் சொன்னபடி கோடு போட்டார்.

"அப்பா, தப்பு. பதினஞ்சுல போட்டுட்டீங்க."

"தப்பில்லடா. துணியை மடிச்சுல்ல போட்டிருக்கு? மடிப்பு ஓரத்துலேர்ந்து பாதி வெச்சா போதும். விரிச்சா இன்னொரு பாதி தானா வந்துடும். முப்பது வருஷமா இந்தக் கை அகலம்னு கேட்டாலே பாதியிலதான் போய் நி..."

சாக்குக்கட்டி அப்படியே நின்றது.

மாஸ்டர் துணியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி, காலையில் அவர் அளக்க ஆரம்பித்த அந்தச் சுவரைப் பார்த்தார்.

"ஐயையோ!"

"என்னங்க? என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?" என்று சிஸ்டர் ஓடிவந்து நாடியைப் பிடித்துவிட்டாள்.

"சுவரை மடிப்பு ஓரம்னு நினைச்சுட்டேன்! வீட்டை மடிச்சு வெட்டிட்டேன்டி! விரிக்கவே இல்ல!"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்தது வாலுவுக்கு.

"அப்படின்னா நாம காலையிலேர்ந்து பாதி வீட்டுலயா இருக்கோம்?"

சிஸ்டர் போனில் இருந்த படத்தை எடுத்தாள். ஹால் அகலம் பத்தடி என்று இருந்தது. இஞ்ச் டேப்பைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். ஐந்து. சமையலறை ஆறு என்று இருந்தது. தரையில் மூன்று. நீளமெல்லாம் சரி, அகலமெல்லாம் பாதி. வீட்டின் மொத்த அகலம் பதினாறு, தரையில் எட்டு.

"நான்தான் சொன்னேனே, பஸ்ஸுன்னு!" என்று மாமனார் வெளியிலிருந்து கத்தினார். "அனுபவஸ்தன் சொன்னா யாரு கேக்கறீங்க?"

சிஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து மாஸ்டர் சிரித்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், தலையில் கை வைத்தபடியே சிரித்தார்.

"ஏன் சிஸ்டர், நல்லவேளை, சட்டையா இருந்திருந்தா துணி வீணாப் போயிருக்கும்" என்றார்.

"சிஸ்டரா?" என்று அவள் கேட்ட கேள்வியில் சிரிப்பு இன்னொரு ரவுண்டு போனது.

அப்புறம் நடந்ததை அந்தக் கிடங்கு அதற்கு முன் பார்த்திருக்காது. வாலு பிளாஸ்திரியைப் பிய்க்கப் பிய்க்க, சிஸ்டர் புதுச் சுருளை உருட்டிக்கொண்டே போனாள். வீடு விரிந்தது. ஹால் விரிந்தது. சமையலறையில் அவள் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள், எதிலும் இடிக்கவில்லை. பாத்ரூமில் திரும்ப முடிந்தது.

டேபிளைத் தூக்கி ஜன்னலோரம் போட்டார்கள். போட்ட பிறகும் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். மாஸ்டர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். போதவில்லைபோல, இன்னொரு தடவை நடந்தார்.

"தேறும்" என்றார். "எல்லாருமே போகலாம்."

"காலையிலேர்ந்து பாதி வீட்டுல சமாளிச்சாச்சு. முழு வீட்டுல ராஜா மாதிரி இருக்கலாம்" என்றாள் சிஸ்டர்.

ஆஸ்பத்திரிக்கு அப்போதே போன் போட்டாள். எடுத்த பெண் குரல் வேலை மும்முரத்தில், "சொல்லுங்க" என்றது.

"நான் வரேங்க. நாங்க நாலு பேரும் வரோம்."

"நாலு பேரா? ஒரு போஸ்ட்தாங்க காலி."

"இல்ல இல்ல, வேலைக்கு நான் மட்டும்தான்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. இளநீலத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்ற நிற்பைப் பார்த்து, மாஸ்டருக்கு அதை வெட்டவே மனசு வரவில்லை.

வாலு அதற்குள் யார் யார் எங்கே படுப்பது என்று பிளாஸ்திரியால் குறி போட ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தனக்குக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. காற்று வருகிற ஜன்னல் பக்கம் நாலாவதை ஒட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"தாத்தா, இதுதான் உங்க சீட். கண்டக்டர் சீட். வந்து உக்காருங்க."

மாமனார் இன்னும் கோட்டுக்கு வெளியேதான் இருந்தார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கால் மட்டும் நகரவில்லை.

"மாமா, உங்க தலகாணி எங்க?" என்றாள் சிஸ்டர்.

"இருக்கும்மா, அங்க..."

"காலையிலேர்ந்து பார்க்கறேன். எல்லாரும் சாமானைத் தூக்கிட்டு வந்தோம். நீங்க ஒரு துண்டுகூடக் கொண்டுவரல. ஏன் மாமா?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவசரத்தில் அணைக்கப் பார்த்தார். பழக்கத்தில் விரல் ஸ்பீக்கரையே அமுக்கியது.

"டேய் கண்டக்டரு!" என்று கிடங்கே அதிர்ந்தது. அந்தக் குரலை எல்லோருக்கும் தெரியும். அவரோடு ஒரே வண்டியில் காலமெல்லாம் ஓட்டிய டிரைவர். மனைவி போனபின் தனிக்கட்டை. "காலையில சொன்ன ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டேன். கட்டில் ரெண்டு வந்திறங்கிடுச்சு. ஜன்னல் பக்கம் உனக்கா, எனக்கா? உன் பிள்ளைங்க போன அன்னிக்கே வந்துடு. ஒருத்தர் குறைஞ்சா அவங்களுக்கும் இடம், செலவு எல்லாம் லேசா இருக்கும்னு நீ சொன்னது நியாயம்தான்டா."

வாலு தரையில் தான் ஒட்டிய நாலாவது குறியைப் பார்த்தாள்.

மாஸ்டர், "அப்பா..." என்றார்.

சிஸ்டர் நேராக நடந்துபோய், கிடங்கின் அந்தப் பக்கம் கிடந்த தலையணையை எடுத்தாள். திரும்பி வந்து மாமனாரின் கையைப் பிடித்து, ஒரு இழுப்பில் அவரைக் கோட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஜன்னல் பக்கக் குறியில் தலையணையைப் போட்டாள். அப்புறம் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"டிரைவர் மாமா, நான்தான் பேசறேன். உங்க ஃபிரெண்டு எங்களோட வர்றார். ஒரு கட்டிலைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

மாமனார் தலையணையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாலு ஓடிவந்து அவர் மடியில் ஏறி, "டிக்கெட், டிக்கெட்" என்றாள். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். போனில் மட்டும் வெகுநேரம் சத்தமே இல்லை.

"சந்தோஷம்மா" என்றது குரல் கடைசியில். அவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்னதாகக்கூட ஆகும் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நல்லா இருங்க. கட்டிலைத் திருப்பி எடுத்துக்கமாட்டாங்க. பரவாயில்ல, ஒண்ணு சும்மா கிடந்துட்டுப் போகட்டும்."

வைத்துவிட்டார்.

மாமனார் தலையணையில் உட்கார்ந்தபடி மருமகளை நிமிர்ந்து பார்த்தார். நாலு பேருக்கும் சரியாக அளந்து ஒட்டிய வீட்டை அவள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். கண்டக்டர் சீட்டுக்கும் டேபிளுக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. வாலு கையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளிலும் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.